கணினி கேள்வி – பதில்: பைத்தானிலிருந்து சி நிரலை அழைக்கும்போது

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் அளவீட்டுக் கருவியோடு சி மொழியில் எழுதப்பட்ட ஒரு டிஎல்எல் கோப்பும் (பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) அதற்குரிய ஹெடர் கோப்பும் வந்தன. சி நிரல்களை அழைக்க உதவும் பைத்தானின் சிடைப்ஸ் வழியாக அதை அழைக்கிறேன். வெப்பநிலையைக் கேட்டால் 31.5 போன்ற எண்ணுக்குப் பதிலாகப் பொருளற்ற முழு எண் வருகிறது. அளவீடு முடியும்போதெல்லாம் கருவியின் நிரலே அழைக்கும்படி பைத்தான் ஃபங்ஷன் ஒன்றையும் கொடுத்திருக்கிறேன். சிறிது நேரம் சரியாக ஓடிவிட்டு, பிழைச்செய்தி எதுவுமின்றி எல்லாம் நின்றுவிடுகிறது. கருவியில் கோளாறா?
– வாசகி, பினாங்கு

பதில்: கருவியைக் கழற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் இரு மொழிகள் சந்திக்கும் இடத்தில் பிறப்பவை.

டிஎல்எல் கோப்பில் ஃபங்ஷன்களின் பெயர்களும் இயந்திர நிரலும் இருக்குமே தவிர, எந்த ஃபங்ஷன் எவ்வகை மதிப்பை வாங்கி எதைத் திருப்பித் தரும் என்ற விவரம் பொதுவாக இராது. அது ஹெடர் கோப்பில் இருக்கிறது. சி கம்பைலர் அதைப் படிக்கும், சிடைப்ஸ் படிக்காது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், எல்லா ஃபங்ஷனும் 'இன்ட்' வகை முழு எண்ணையே தரும் என்று சிடைப்ஸ் எடுத்துக்கொள்கிறது. 64 பிட் இன்டெல், ஏஎம்டி செயலிகளில் முழு எண் விடை ஒரு ரிஜிஸ்டரிலும் (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்), 'டபுள்' வகைப் பின்ன எண் விடை வேறொரு ரிஜிஸ்டரிலும் வைக்கப்படுகின்றன. ஆகவே கருவியின் நிரல் வெப்பநிலையை உரிய இடத்தில் வைத்திருந்தும், பைத்தான் வேறு ரிஜிஸ்டரைப் பார்த்து, அங்கே எஞ்சிக் கிடந்ததை எடுத்து வந்திருக்கிறது. அந்த ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பின் வகையான 'ரெஸ்டைப்' என்பதை 'சி டபுள்' என்று குறித்தால் சரியான எண் வரும். வாங்கும் மதிப்புகளின் வகைகளைச் சொல்லும் 'ஆர்க்டைப்ஸ்' பட்டியலையும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எழுதிவிடுங்கள். பாயின்டரை, அதாவது நினைவக முகவரியை, திருப்பித் தரும் ஃபங்ஷனுக்கு வகை குறிக்காமல் விடுவது இன்னும் ஆபத்தானது. 64 பிட் முகவரியின் மேற்பாதி வெட்டுப்பட்டுப்போக, அந்த முகவரியைத் தொட்டவுடன் நிரல் விழக்கூடும்.

இரண்டாவது சிக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். உங்கள் ஃபங்ஷனைச் சி நிரலிடம் கொடுக்கும்போது, சிடைப்ஸ் அதைச் சுற்றி ஒரு பொருளை உருவாக்குகிறது. அதன் முகவரியைச் சி வைத்திருப்பது பைத்தானுக்குத் தெரியாது. பைத்தான் பக்கத்தில் எந்த மாறியும் அந்தப் பொருளைப் பிடித்திருக்காவிட்டால், பைத்தான் அதை நினைவகத்திலிருந்து நீக்கிவிடும். அந்த இடம் வேறு வேலைக்குப் போகும் வரை எல்லாம் சரியாக ஓடுவதுபோலத் தோன்றும். கருவியை மூடும் வரை அழியாத ஒரு மாறியில் அதைச் சேமித்து வையுங்கள். நினைவகத்தைப் பொறுத்தவரை யார் ஒதுக்கினாரோ அவரே விடுவிக்க வேண்டும் என்ற விதியும் இங்கே பொருந்தும்: கருவியின் நிரல் ஒதுக்கித் தந்ததை, அது தரும் விடுவிக்கும் ஃபங்ஷனாலேயே விடுவிக்க வேண்டும்.

இத்தகைய வீழ்ச்சிகள் பைத்தானின் பிழை கையாளும் முறைக்குள் பெரும்பாலும் வருவதில்லை. அதனால்தான் செய்தி எதுவும் தோன்றவில்லை. பைத்தான் 3.3 முதல் உடன்வரும் 'ஃபால்ட்ஹேண்ட்லர்' என்பதை இயக்கி வைத்தால், விழுந்த நேரத்தில் எந்த வரி ஓடிக்கொண்டிருந்தது என்பதையாவது அறியலாம். சிடைப்ஸ் தொடர்பான வரிகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்து, ஹெடர் கோப்பை அருகில் திறந்துகொண்டு வரிக்கு வரி ஒப்பிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்; இங்கே தவறைக் கண்டுபிடித்துச் சொல்ல வேறு காவலர் இல்லை.

கேள்வி: பழைய கருவியின் 32 பிட் டிஎல்எல் கோப்பை, புதிய கணினியில் உள்ள 64 பிட் பைத்தான் ஏற்ற மறுக்கிறது. வழி உண்டா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: விண்டோஸில் ஒரே செயல்முறைக்குள் இரண்டையும் இயக்க முடியாது. 32 பிட் பைத்தானைத் தனியாக நிறுவி, அந்தக் கோப்பை அழைப்பதற்கென்றே ஒரு சிறு நிரலை அதில் ஓடவிடுங்கள். உங்கள் முதன்மை நிரல் சாக்கெட் (நிரல்கள் தமக்குள் தகவல் பரிமாறும் இணைப்பு) வழியாக அதனிடம் கேட்டு விடை பெறலாம். ஒவ்வோர் அளவீட்டுக்கும் தனித்தனியாகக் கேட்டால் நேரம் வீணாகும்; பலவற்றைச் சேர்த்து ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளுங்கள்.