போர் வந்தால் எண்ணெய்ப் பங்கு லாபம் தருமா?

கேள்வி: போர்ச் செய்தி வந்தாலே கச்சா எண்ணெய் விலை எகிறுகிறது. சேமிப்பில் பாதியை எரிசக்தி ஏற்றுமதி நிறுவனப் பங்குகளில் போடலாம் என்று நினைக்கிறேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இரண்டு வருடத்தில் பணம் தேவை. சரியாக வருமா?

பதில்: பாதி வேண்டாம். கல்லூரிப் பணத்தை இதில் தொடவே தொடாதீர்கள்.

விலை ஏறும் என்ற உங்கள் கணிப்பில் தப்பில்லை. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த இரண்டே வாரத்தில், 2022 மார்ச் 7 அன்று, உலகச் சந்தைக்கு அளவுகோலான பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய் 139 டாலரைத் தொட்டது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் 80 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. போர் நிற்கவில்லை, வாங்கும் ஆள்தான் மாறினார். ஐரோப்பா ஒதுங்க, ரஷ்ய எண்ணெயைத் தள்ளுபடி விலையில் இந்தியாவும் சீனாவும் வாங்கிக்கொண்டன. கப்பலைத் திருப்பிவிட்டால் போதும், எண்ணெய் வேறு துறைமுகம் போய்விடும்.

குழாயில் போகும் எரிவாயுவுக்கு அந்த வசதி கிடையாது. நீங்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். 2022 ஆகஸ்டில் ஐரோப்பாவில் எரிவாயு ஒரு மெகாவாட்-மணி ஆற்றலுக்கு 300 யூரோவைத் தாண்டி விற்றது. உங்கள் கணக்குப்படி, உலகின் மிகப் பெரிய எரிவாயு நிறுவனங்களில் ஒன்றான, ரஷ்யாவின் காஸ்ப்ரோமின் பங்குதாரர்கள் கொழித்திருக்க வேண்டும் அல்லவா? மார்ச் தொடக்கத்திலேயே லண்டன் சந்தையில் அதன் பங்குச் சான்றுகள் (வெளிநாட்டில் பங்குக்குப் பதிலாகக் கைமாறும் பத்திரங்கள்) பெரும் பகுதி மதிப்பை இழந்து, வர்த்தகமும் நிறுத்தப்பட்டது. கையில் வைத்திருந்த வெளிநாட்டினரால் விற்க முடியவில்லை. ஜூன் மாதம், நிர்வாகமே பரிந்துரைத்திருந்த டிவிடெண்டை (லாபப் பங்கை)ப் பங்குதாரர் கூட்டம் நிராகரித்தது. பெரும்பான்மைப் பங்கு ரஷ்ய அரசிடம், அதனால் அது வைத்ததுதான் முடிவு. பிரிட்டனின் பிபி எண்ணெய் நிறுவனம் ரஷ்ய அரசு எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்டில் வைத்திருந்த 19.75 சதவீதப் பங்கையும் கைகழுவி, 2,400 கோடி டாலருக்கு மேல் நஷ்டக் கணக்கு எழுதியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால், தனிநபர் எம்மாத்திரம்?

காஸ்ப்ரோம் இழந்த ஐரோப்பியச் சந்தை நார்வேக்கும் அமெரிக்காவுக்கும் போனது. ஜெர்மனி வில்ஹெல்ம்ஸ்ஹாஃபெனில் கப்பலில் வரும் திரவ எரிவாயுவை (எல்என்ஜி) இறக்கும் மிதக்கும் முனையத்தை அந்த டிசம்பரிலேயே திறந்துவிட்டது. யார் யாரோடு சேர்வார்கள் என்பதை முன்கூட்டியே சரியாகச் சொல்லியிருந்தால் மட்டும் லாபம். என்னால் அதைச் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரையும் நம்பாதீர்கள்.

அப்புறம், ஆசையை முழுக்க விடவும் சொல்லவில்லை. கட்டணப் பணத்தையும் ஆறு மாதச் செலவையும் வங்கி வைப்பில் ஒதுக்குங்கள். மீதியில் பெரும்பகுதி பல துறை, பல நாடுகளில் பரவிய இண்டெக்ஸ் ஃபண்டில் (ஒரு சந்தைக் குறியீட்டில் உள்ள நிறுவனங்களை எல்லாம் வாங்கும் நிதியில்) இருக்கட்டும். எண்ணெய் நிறுவனங்கள் அதற்குள்ளேயே ஓரளவு இருக்கும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் சேமிப்பில் 5 சதவீதம் போதும், அதுவும் எரிசக்தித் துறை ஃபண்டாக. வாங்கும் முன் அதன் மாத அறிக்கையை எடுத்து, பணம் எந்தெந்த நாட்டு நிறுவனங்களில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே நாட்டில் குவிந்திருந்தால் அந்த ஃபண்ட் உங்களுக்கு வேண்டாம்.