கத்திரி வெயிலில் சோலார் உற்பத்தி குறைவது ஏன்? பேனல் பழுதா?

ஈரோட்டில் மொட்டை மாடியில் 540 வாட் பேனல் ஆறு, ஒரே வரிசை, தெற்குச் சாய்வு. மார்ச்சில் நாளுக்கு 14 யூனிட் வந்தது, மே மாதம் 12தான் வருகிறது, மாட்டிக் கொடுத்தவரைக் கேட்டால் "சூடு சார், அப்படித்தான் இருக்கும்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டு மாடிகளுக்கு சோலார் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதிலும் இல்லை.

முதலில் சூடு என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம் மட்டுமே. பேனலுக்குள் வெளிச்சத்தை மின்சாரமாக்குவது சிலிக்கான் செல்கள். அவை சூடேற ஏற செல்லின் வோல்டேஜ் இறங்கும்; டிகிரிக்கு, செல்லுக்கு, ஏறக்குறைய 2 மில்லிவோல்ட். இது ஒரு அளவா என்று தோன்றும். உங்கள் பேனல் ஒவ்வொன்றிலும் தொடராக 72 செல், ஆறு பேனலுக்கு 432 செல். அப்படியானால் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.86 வோல்ட் போகிறது. கரண்ட் லேசாகக் கூடத்தான் செய்யும், டிகிரிக்கு 0.05 சதவீதம் போல. அது எந்த மூலைக்கு?

பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் 540 வாட் என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது லேபில் அளந்தது. நம் மாடியில் மதியம் காற்றே 40 டிகிரி. அந்த நேரம் செல் 65-க்குக் குறையாது, காற்றோட்டம் இல்லையென்றால் 70 தாண்டும். பேனலோடு வரும் விவரத்தாளில் (டேட்டாஷீட்) 'டெம்பரேச்சர் கோஎஃபிஷியன்ட்' என்று ஒரு வரி இருக்கும், ஒரு டிகிரி சூடு ஏறினால் எவ்வளவு வாட் குறையும் என்பது அது. இன்று பல மாடிகளில் இருக்கும் மோனோ பெர்க் வகைப் பேனலுக்குப் பெரும்பாலும் மைனஸ் 0.35 சதவீதம். 65-க்கும் 25-க்கும் இடையே 40 டிகிரி, 14 சதவீத இழப்பு. 540 வாட் பேனல் 464 வாட்தான் தரும். பழைய பாலி வகைப் பேனலுக்கு இது 0.4 வரை போகும். இப்போது வரும் டாப்கான் வகைப் பேனலுக்கு 0.3 ஒட்டி. நம்மூர் வெயிலுக்குப் புதிதாக வாங்குகிறவர்கள் விலையோடு இந்த வரியையும் பார்க்க வேண்டும். யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் ஈரோட்டில் மார்ச்சிலும் குளிரடிக்கவில்லையே! அப்போதும் மதியம் 36 டிகிரி. மே மாதத்தோடு ஒப்பிட்டால் நாலு டிகிரிதான் வித்தியாசம். அதற்கு ஒன்றரை சதவீதம், அதாவது 14 யூனிட்டில் 0.2 யூனிட். நீங்கள் இழப்பது 2 யூனிட். மீதிக்குச் சூட்டின் மேல் பழி போட முடியாது.

என் கணிப்பில் பெரிய பங்கு சூரியன் நிற்கும் இடத்துக்கு. ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் ஈரோட்டுக்கு நேர் உச்சியில் வரும். அதன்பிறகு ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை நண்பகலில் வடக்குப் பக்கம்தான் நிற்கும். உங்கள் பேனலோ தெற்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 11 டிகிரி சாய்வு என்று வைத்தால் மே மாத நண்பகலில் ஐந்தாறு சதவீதம் இதிலேயே போகும். அப்புறம் தூசி. கடைசியாக எப்போது துடைத்தீர்கள்? கோடை மழை வருகிறதோ இல்லையோ, மூன்று மணிக்கு மேல் மேகம் வந்து மூடிக்கொள்ளும், அதுவும் கணக்கில் உண்டு.

பழுதா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். இன்வெர்ட்டர் ஆப்பில் டிசி வோல்டேஜை, அதாவது பேனல் வரிசையிலிருந்து இன்வெர்ட்டருக்கு வரும் வோல்டேஜைப் பாருங்கள். ஆறு பேனல் வரிசைக்குக் காலை எட்டு மணிக்கு 235 பக்கம், மதியம் 210, 215 என்று இருந்தால் அது சூடு மட்டும்தான். சாயங்காலம் தானாக ஏறிவிடும். காலையிலேயே 14 வோல்ட் போலக் குறைவாக நின்று, சாயங்காலமும் ஏறவில்லை என்றால் ஏதோ ஒரு பேனலில் மூன்றில் ஒரு பங்கு செல் வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படலாம். நிழலும் விழவில்லை என்றால் பைபாஸ் டயோடோ (வேலை செய்யாத செல்களைத் தாண்டிக் கரண்டை அனுப்பும் பாகம்) உள் இணைப்போ போயிருக்கும். அப்போது ஆளைக் கூப்பிடுங்கள், "சூடு சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

மதியம் பேனலில் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடிக்கலாமா என்று நீங்களே கேட்டுவிட்டீர்கள். வேண்டவே வேண்டாம். கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் வாய்ப்பு உண்டு. போர் தண்ணீர் என்றால் காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் படிந்து, மிச்ச வெளிச்சத்தையும் மறைக்கும். விடிகாலையில், பேனல் ஆறியிருக்கும்போது கழுவுங்கள். பேனலுக்கு அடியில் காற்று தாராளமாகப் போய் வரட்டும். அந்த இடத்தில் பழைய சாமான், விறகு போட்டு அடைக்காதீர்கள். தகரக் கூரையோடு ஒட்டி மாட்டிய பேனல்கள்தான் மிகவும் வேகும்.

இன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மாடிப்படி முடியும் இடத்தில் தகரக் கொட்டகைக்குள் மாட்டியிருந்தால், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உள்சூடு கூடினால் தன்னைக் காத்துக்கொள்ள இன்வெர்ட்டர் உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆப்பில் மதிய கிராஃப் வளைவாக இல்லாமல் மேலே தட்டையாக வெட்டினாற்போல இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த நேரத்து இன்வெர்ட்டர் டெம்பரேச்சரையும் காலை, மதிய வோல்டேஜையும் கமென்ட்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.