சம்பள வேலைய விட்டுட்டு புரோப்பர்ட்டி ஏஜெண்ட் ஆகலாமா?

கேள்வி: வயசு 34, சிங்கப்பூர்ல லாஜிஸ்டிக்ஸ் கம்பெனில சூப்பர்வைசர், மாசம் 3,200 வெள்ளி. ஆர்இஎஸ் பரீட்சை (புரோப்பர்ட்டி ஏஜெண்ட் ஆகறதுக்கான பரீட்சை) பாஸ் பண்ணிட்டேன். ஒரு ஏஜென்சி டீம் லீடர், வேலைய விட்டுட்டு வாங்க, மாசம் பத்தாயிரம் பாக்கலாம்ங்கிறாரு. நம்பி விடலாமா?

பதில்: தம்பி, பத்தாயிரம் வர்ற மாசமும் இருக்கும், ஒரு காசு வராத மாசங்களும் இருக்கும், அந்தக் கதைய லீடருங்க சொல்ல மாட்டாங்க.

ஒரு எச்டிபி (அரசாங்க வீவக) ரீசேல் வீட்ட, அதாவது ஓனர் மறுவிற்பனை செய்யற வீட்ட எடுத்துக்குவோம். 6 லட்சம் வெள்ளிக்கு நீங்க வித்துக் கொடுக்கறீங்க, 2 சதவீதம் பேசினா 12,000. (2 சதவீதம்னு சட்டம் எதுவும் இல்ல, எல்லாம் பேரம்தான், இப்ப ஓனருங்க நல்லாவே குறைச்சுக் கேக்கறாங்க.) அந்தப் பணம் ஏஜென்சிக்குப் போகும், நேரா உங்க பேநவ் கணக்குக்கு வாங்கக் கூடாது. ஏஜென்சி பங்கு போக உங்களுக்கு 80 சதவீதம்னு வச்சுக்கிட்டா 9,600. சரி, எப்ப வரும்? வாங்கறவருக்கு ஓடிபி (வீட்ட வாங்கற உரிமைப் பத்திரம்) கொடுத்ததுலேர்ந்து, வாங்கறத உறுதி பண்ண 21 நாள் டைம், அப்புறம் எச்டிபில ரெண்டு பக்கமும் விண்ணப்பம் போடணும், அவங்க ஏத்துக்கிட்ட பிறகு ஏறக்குறைய 8 வாரம், சாவி கை மாறினப்புறம்தான் பொதுவா கமிஷன், ஆக ஆள் கிடைச்சப்புறமே மூணு மாசத்துக்கு மேல ஓடிடும், அதுக்கு முந்தி விளம்பரம், வியூவிங்னு அலைஞ்சது தனி. வாடகை டீல்ல காசு சீக்கிரம் வரும், ஆனா தொகை சின்னது.

இன்னொன்னு, நீங்க அங்க ஊழியர் இல்ல, சுயதொழில். லீவு, எம்சி (மருத்துவ விடுப்பு) எதுக்கும் காசு கிடையாது. இப்ப உங்க முதலாளி சிபிஎஃப்ல (மத்திய சேமநிதில) போடற 17 சதவீதம், அதாவது மாசம் 544 வெள்ளி, வேலைய விட்ட அன்னிக்கோட நின்னுடும். அதுக்கு மேல வருஷ நிகர வருமானம் 6,000 வெள்ளியத் தாண்டினா மெடிசேவ் (சிபிஎஃப்ல மருத்துவச் செலவுக்கான கணக்கு) நீங்களே கட்டணும், உங்க வயசுக்கு 30,000 வெள்ளின்னா 8 சதவீதம், 2,400. வீட்டு விளம்பர போர்ட்டல் சந்தா, சிஇஏ (ஏஜெண்டுங்களக் கண்காணிக்கற அரசாங்க அமைப்பு) பதிவுக் கட்டணம், கட்டாய வகுப்பு எல்லாம் உங்க பாக்கெட்தான்.

அதனால இப்ப வேலைய விடாதீங்க. வியூவிங் பெரும்பாலும் சாயங்காலமும் சனி ஞாயிறும்தான், கம்பெனி ஒப்பந்தம் வெளி வேலைக்கு அனுமதிக்குதான்னு பாத்துட்டு பகுதி நேரமா தொடங்குங்க. விடறதா இருந்தா குறைஞ்சது ஆறு மாச வீட்டுச் செலவு கையில இருக்கட்டும்.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த லீடர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. அவரு கொடுக்கற லீடுல (வாடிக்கையாளர் தொடர்புல) டீல் முடிஞ்சா அவருக்கு எவ்வளவு போகும், நான் பாதில ஏஜென்சி மாறினா முடியாம நிக்கற டீலோட கமிஷன் யாருக்கு. வாயால சொன்னா விடாதீங்க, ஒப்பந்தத்துல எந்தப் பக்கத்துல எழுதியிருக்குன்னு காட்டச் சொல்லுங்க.