பிள்ளைங்கள யார் இழுத்தாங்க?

கேள்வி: போன இதழ்ல 1963-ல அமெரிக்காவுல பர்மிங்ஹாம் ஊர்ல, நிறவெறிக்கு எதிரா கறுப்புப் பிள்ளைங்க போன ஊர்வலத்தோட போட்டோ போட்டிருந்தீங்க. நாயும் தண்ணி பீச்சுற குழாயும் நிக்கிற இடத்துக்கு ஸ்கூல் பிள்ளைங்கள அனுப்பினது தலைவர்களோட தப்பு இல்லையா? அரசியல்ல குழந்தைங்கள ஏன் இழுக்கணும்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இழுத்தாங்கன்னு சொல்றீங்க. அலபாமாவுல அந்த ஊர்ல ஒரு கறுப்பு வீட்டுப் பிள்ளைக்கு ஷூ வாங்கணும்னா கடையில போட்டுப் பாக்க விடமாட்டாங்க, வீட்லயே பேப்பர் மேல கால வெச்சு பென்சில்ல கோடு போட்டு அத அம்மா எடுத்துட்டு போகணும், அளவு தப்பினா கடிக்கிற ஷூவோட தான் ஸ்கூலுக்கு நடக்கணும். குடிதண்ணிக் குழாய் மேல ‘வெள்ளையர்’னு போர்டு. எழுத்துக்கூட்டி படிக்க ஆரம்பிச்ச வயசுலயே அந்த போர்டையும் சேத்துத்தானே படிச்சிருக்கும் அந்தப் பிள்ளை? இதுக்கு மேல அரசியல்ல எங்க இழுக்கறது?

உங்க சந்தேகம் புதுசு இல்ல, போராட்டத்த நடத்துன மார்ட்டின் லூதர் கிங்கே முதல்ல தயங்கினார், இன்னொரு கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் வெளிப்படையாவே கண்டிச்சார். ஆனா பெரியவங்க தெருவுக்கு வந்தா மறுநாள் வேலை போயிடும், வீட்ல அடுப்பு எரியாது. அதனாலதான் கிங்கோட சேர்ந்து வேலை செஞ்ச ஜேம்ஸ் பெவல் பிள்ளைங்கள கூப்பிட்டார். மே 2, ஆயிரம் பேருக்கு மேல ஸ்கூல விட்டுட்டு 16வது தெரு பாப்டிஸ்ட் சர்ச்சுல இருந்து பாட்டு பாடிக்கிட்டே வெளிய வந்தாங்க. ஆட்ரி ஃபே ஹென்ட்ரிக்ஸுக்கு 9 வயசு, நான் ஜெயிலுக்கு போறேன்னு அவளே அம்மா அப்பாகிட்ட சொல்லிட்டு போனவ, ஒரு வாரம் உள்ள இருந்தா. ஜெயில் நெரம்பி வழிஞ்சதும் மிச்ச பிள்ளைங்கள பொருட்காட்சி மைதானத்துல அடைச்சாங்க. அங்க இருந்த கிட்டிலேண்ட்ங்கற பொழுதுபோக்கு பூங்கா ராட்டினத்துல கறுப்புப் பிள்ளைங்களுக்கு இடமே கிடையாது, அடைச்சு வைக்க மட்டும் இடம் இருந்துச்சு.

மறுநாள் நாயையும் தீயணைப்புக் குழாயையும் ஏவி விட்டது, ஊர் போலீசுக்கும் தீயணைப்புப் படைக்கும் பொறுப்பா இருந்த புல் கானர். அந்த ஆள்கிட்ட கேக்க வேண்டிய கேள்விய அடிபட்ட பிள்ளைங்களோட பக்கம் நின்னவங்ககிட்ட கேக்கறீங்களேம்மா, எனக்கு அதுதான் வலிக்குது.

மே 10 ஊர் வியாபாரிங்களுக்கும் போராட்டக்காரங்களுக்கும் ஒப்பந்தம் ஆச்சு. கடையில துணி போட்டுப் பாக்கற ரூம எல்லாருக்கும் திறக்கணும்ங்கறதும் அதுல இருந்துச்சு. அப்புறமும் மே 20 அன்னிக்கு, ஊர்வலம் போன பிள்ளைங்கள ஸ்கூல்ல இருந்து நீக்கச் சொல்லி கல்வி வாரியம் உத்தரவு போட்டுச்சு, ரெண்டே நாள்ல மேல் கோர்ட் அத நிறுத்துச்சு.

பிள்ளைங்கள பத்திரமா வெச்சிருக்கணும்னு நீங்க நினைக்கறது எனக்குப் புரியுது. ஆனா செப்டம்பர் 15 அதே சர்ச்சுல குண்டு வெடிச்சு 4 பொண்ணுங்க செத்தாங்க, 11 வயசு ஒருத்தி, மத்த மூணு பேருக்கும் 14. அன்னிக்கு ஊர்வலம் எதுவும் இல்ல, ஞாயித்துக்கிழமை, சர்ச்சுக்குத்தான் வந்திருந்தாங்க.