பவர் பேங்க்கில் போட்ட கமரா நடுச்சாமத்தில் நிற்பது பற்றி

வணக்கம். வெள்ளவத்தையில் வீடு கட்டுமிடத்தில் கரண்ட் இல்லை, 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் வைஃபை கமராவும் 4ஜி ரவுட்டரும் போட்டால் ஒரு மணிக்கே நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பவர் பேங்க் பழுதில்லை, கணக்குத்தான் இடிக்கிறது. அந்த 20,000 உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கானது; 20 ஆம்பியர்-மணியை 3.7 ஆல் பெருக்கினால் 74 வாட்-மணி. 5 வோல்ட்டாக மாறும்போது வீணாவது போக 60 சொச்சம்தான் மிஞ்சும். இரண்டும் சேர்ந்து 10 வாட் இழுத்தால் ஆறு மணித்தியாலம். இரவு ஏழுக்குப் போட்டால் ஒன்றுக்கு நிற்கத்தானே செய்யும்?

இன்னொரு பவர் பேங்க் வாங்காதீர்கள். 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பொஸ்பேட் பற்றரி எடுங்கள். 256 வாட்-மணி, விடிந்த பிறகும் பாதிக்குக் கிட்ட மிஞ்சும். அதற்கென்றே உள்ள சார்ஜரையும் சேர்த்து வாங்குங்கள். கமராவுக்கு, பற்றரியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்க ஒரு பக் கன்வேர்ட்டர், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விசாரியுங்கள். கமராவைக் கொழுவ முதல் கன்வேர்ட்டரின் வெளியீட்டில் மல்டிமீட்டரை வைத்து, அதிலுள்ள சின்னப் பித்தளைத் திருகாணியைத் திருப்பி 5.1 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு திருகாணி அசையாமலிருக்க ஒரு சொட்டு நகப்பூச்சு (வீட்டில் கேட்டு எடுங்கள்). பற்றரியின் பொசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 3 ஆம்பியர் பியூஸ் கட்டாயம்.

கடற்காற்றில் இணைப்புகள் பச்சை பிடிக்கும், கிரீஸ் தடவுங்கள். ரவுட்டர் 12 வோல்ட்டா, 5 வோல்ட்டா? அடாப்டரில் உள்ளதைப் பார்த்து எழுதுங்கள், வயரிங் சொல்கிறேன்.