வீட்டு உறுதியைத் திருப்பி அலுமாரிக்குள் வையுங்கள்

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் இருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். மகள் இரசாயனவியலில் சிறப்புப் பட்டம், இரண்டாம் வகுப்பு உயர் பிரிவு. இப்போது கம்பஸிலேயே ஒரு வருட ஒப்பந்தத்தில் செய்முறை வகுப்புகளைப் பார்க்கிறார். அப்பாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் அனுமதிக் கடிதம், அதற்குக் கீழே வீட்டு உறுதியின் போட்டோ கொப்பி.

"லண்டன் மாமா சொல்லுறார், பிஎச்டி முடிச்சு லெக்சரர் ஆகாட்டில் படிச்சது வீண் எண்டு. வீட்டை ஈடு வைக்கலாமோ எண்டு கேட்க வந்தனான்."

பதறாதீர்கள், ஆறுதலாகப் பார்க்கலாம் என்றுதான் நானும் தொடங்கினேன். கணக்கைப் பார்த்த பிறகு அப்படிப் பேச மனம் வரவில்லை. ஈடு வைக்கக் கூடாது என்று நேராகவே சொன்னேன். வெளிநாட்டு மாணவருக்கு அங்கே விஞ்ஞானப் பிஎச்டிக்குக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 20,000 ஸ்டேர்லிங் பவுணைத் தாண்டுவது வழமை. அப்படி மூன்று, நாலு வருடம். அறை வாடகை, சாப்பாடு வேறு. ஒரு ஆய்வுக் குழுவுக்கு உங்கள் பிள்ளை உண்மையில் தேவையென்றால் அவர்கள்தான் காசு தேடிக் கொடுப்பார்கள். அமெரிக்காவில் விஞ்ஞானப் பிஎச்டி படிக்கிறவர்களில் பெரும்பாலானோர் கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ சம்பளம் வாங்கிக்கொண்டுதான் படிக்கிறார்கள். உதவித்தொகை இல்லாத விஞ்ஞானப் பிஎச்டிக்குக் கடன் எடுக்காதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

சரி, கடனையும் பட்டு முடித்து வந்தாலும் கதிரை காத்திருக்கிறதா? வெற்றிடம் வந்தால்தான் விண்ணப்பமே போடலாம். அந்த வரிசையில் முதல் வகுப்புக்காரர்கள் முன்னால் நிற்பார்கள். பிஎச்டி ஆய்வு செய்யப் பழக்குகிற படிப்பு. அதை விரிவுரையாளர் வேலைக்கான ரிக்கெற்றாகப் பார்க்கிறபடியால்தான் வீடு வரை பேச்சுப் போகிறது.

பிறகு பிள்ளையிடம் கேட்டேன், கிழமையில் எந்த நேரம் கெதியாகப் போகிறது என்று. அவர் வகுப்பைச் சொல்லவில்லை. தெரிந்த செறிவுகளை அளந்து வரைகிற கலிபரேஷன் கோட்டில் ஒரு புள்ளி விலகி நின்றதாம். காரணம் கண்டுபிடிக்க இரவு ஏழு மணி ஆகிவிட்டதாம். குடுவையின் கழுத்தில் ஒட்டியிருந்த ஒரு துளிதான் காரணம். அந்தத் துளி எவ்வளவு பிழை தரும் என்று மேசையில் விரலால் கணக்குப் போட்டுக் காட்டினார். "வகுப்பெடுக்கிற நாளில இவவுக்குக் காலமைச் சாப்பாடு இறங்காது" என்று அப்பா தானாகவே சொன்னார். அவரே சொன்ன பிறகு நான் வேறென்ன சொல்ல இருக்கிறது?

வங்கி, ஐ.டி, பாடசாலை ஆசிரியர் வேலை எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வழிகள்தான். 1925இல் தொடங்கி, இப்போது தலவாக்கலையில் இயங்குகிற தேயிலை ஆராய்ச்சி நிலையம் போல, ஆய்வே வேலையாக உள்ள இடங்களையும் பலர் அறிவார்கள். கொழும்பில் இருந்துகொண்டே நாங்கள் கவனிக்காமல் விடுவது, ஒரு பொருளில் என்ன, எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்கிற பகுப்பாய்வு ஆய்வுகூடங்களைத்தான்.

தேயிலையை எடுங்கள். தனியாக எல்லை குறிக்காத பீடைநாசினி எவ்வளவு மீந்திருக்கலாம் என்பதற்கு ஜப்பான் 2006இல் இருந்து கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று பொது எல்லை வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே அளவுதான். ஒரு டன் தேயிலைக்கு 10 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பு அதைவிடப் பல மடங்கு எடை. அதைக் கண்டுபிடித்து, எண்ணாக எழுதி, கையெழுத்து வைக்க ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆளின் மேசையைப் பாருங்கள். அரைத்த தேயிலை இரண்டு கிராம் அளவில் நிறுத்து, தண்ணீரில் ஊறவைத்து, அசற்றோநைத்திரைல் என்ற கரைப்பானை ஊற்றி, உப்புகள் போட்டுக் குலுக்கி, மையநீக்கியில் சுற்றி எடுப்பார்கள். பீடைநாசினியோடு கஃபீனும் நிறப்பொருள்களும் சேர்ந்து வந்துவிடும். தேயிலையில் பெரிய தலையிடி அதுதான். அதைத் துப்புரவாக்கித்தான், கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் அதன் மூலக்கூறு எடையைக் கொண்டு இனங்காணும் எல்.சி.எம்.எஸ் மெஷினுக்குள் விட வேண்டும். மெஷின் சொல்வதையும் அப்படியே நம்ப முடியாது. பீடைநாசினி இல்லாத தேயிலையில் தெரிந்த அளவைச் சேர்த்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பார்கள். 70க்கும் 120க்கும் இடையிலான சதவீதம் வராவிட்டால் முறையைத் திருத்த வேண்டும். புதுப் பீடைநாசினி வந்தால் முறையைப் புதிதாக நிறுவ வேண்டும். இது ஆய்வுதான். அந்தக் குடுவைத் துளியைத் தேடின பிள்ளைக்கென்றே இருக்கிற வேலை.

கறுவாவில் கந்தகவீரொட்சைட்டு, சூரை மீனில் பாதரசம், உடுப்புத் துணியில் சாயம் என்று ஏற்றுமதிப் பொருள் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. அரச பக்கத்தில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், மட்டக்குளி காக்கைதீவில் நீர்வாழ் வளங்களை ஆராய்கிற அரச நிறுவனமான நாரா. தனியார் பக்கத்தில் எஸ்.ஜி.எஸ், இன்டர்டெக், பியூரோ வெரிடாஸ். மூன்றும் கொழும்பில் இருக்கின்றன.

நீண்ட காலத்துக்குப் பார்த்தால் பகுப்பாய்வாளராகத் தொடங்கி, அறிக்கையில் கையெழுத்திடும் அதிகாரம், பிறகு தொழில்நுட்ப முகாமையாளர், தர முகாமையாளர் என்று ஏறலாம். இந்த ஆய்வுகூடங்களின் தகுதியை அளக்கிற உலகத் தரம் ஐ.எஸ்.ஓ 17025. இங்கே அந்த அங்கீகாரத்தைக் கொடுப்பது 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அக்ரெடிடேஷன் சபை. அனுபவம் முற்றியவர்கள் மற்ற ஆய்வுகூடங்களை மதிப்பிடுகிறவர்களாகவும் போகிறார்கள். இந்தத் தரத்தில் பழகின கைக்கு வெளிநாட்டிலும் வேலை உண்டு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளம் பெரிதில்லை. ஒரே வேலை திரும்பத் திரும்ப வரும். கலியாண வீட்டில் "என்ன செய்யிறா?" என்று கேட்டால் ஒரு சொல்லில் விளங்கப்படுத்த முடியாது. அதற்காகப் பிள்ளையை முப்பது வருடம் பிடிக்காத மேடையில் நிறுத்தலாமா?

இப்போதைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒப்பந்தம் முடியுமுன் திணைக்களத்தில் உள்ள மெஷின்கள் எல்லாவற்றிலும் கை பழகட்டும். 17025 பயிற்சி ஒன்றைச் செய்யட்டும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் போன பிறகு, பேராதனை விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் பகுப்பாய்வு இரசாயனவியல் எம்எஸ்சி பற்றி யோசிக்கலாம். அதன் பிறகும் பிஎச்டி ஆசை இருந்தால் உதவித்தொகையோடு போகட்டும், நானே கடிதம் எழுத உதவுகிறேன்.

அப்புறம், லண்டன் மாமாவுக்கு நீங்களே கோல் எடுத்துச் சொல்லுங்கள், ஐயா. பிள்ளையைச் சொல்ல விடாதீர்கள்.