கினாபாலு: ஏற மூச்சு வேண்டும், இறங்க முழங்கால் வேண்டும்

கேள்வி: “கோலாலம்பூரில் அலுவலக வேலை. வயது 45. மலையேறிய பழக்கமே இல்லை. குடும்பத்தோடு கினாபாலு தேசியப் பூங்காவுக்குப் போக ஆசை. உச்சி வரை ஏற முடியுமா? எப்படித் தயாராவது?”

முடியும். நான் ஏறியபோது எனக்கு 46. செந்தூலில் வீடு, ஜாலான் ஈப்போவில் அலுவலகம், நாள் முழுக்க நாற்காலியில்தான் வேலை. என்னோடு வந்தவர்கள் அக்காவும் (51) அவர் மகனும் (22). நானும் பையனும் உச்சியைத் தொட்டோம். அக்கா தொடவில்லை. ஆனால் ஊர் திரும்பிய மறுநாள் வீட்டு மாடிப்படியில் வலியில்லாமல் இறங்கியது அக்கா மட்டும்தான். அது ஏன் என்று உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் மலையின் கணக்கு. நடை தொடங்கும் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 6 கிலோமீட்டர் ஏறினால் பானாலாபான், 3,272 மீட்டர். அன்றிரவு அங்கே படுக்கை. மறுநாள் நடுநிசி கழிந்து எழுந்து இன்னும் 2.7 கிலோமீட்டர் ஏறினால் மலையின் மிக உயரமான முனை, லோ உச்சி, 4,095 மீட்டர். தூரத்தை மட்டும் பார்த்தால் பயமாக இருக்காது. இரண்டாம் நாள்தான் கணக்கு மாறுகிறது. அன்றைக்கு உச்சிக்கு ஏறிவிட்டு, அதே நாளில் வாசல் வரை 2,200 மீட்டருக்கு மேல் இறங்கி வரவேண்டும். நம் மெர்டேக்கா 118 கோபுரத்தின் நுனியிலிருந்து தரைக்கு மூன்று முறை படியில் இறங்கினாலும் அந்த உயரம் வராது.

நான் பத்துமலையில் பயிற்சி எடுத்தேன். கோலாலம்பூர்த் தமிழனுக்கு 272 படி இருக்கும்போது வேறு எங்கே போவது? ஞாயிறு விடியலில் போய், முதல் வாரம் மூன்று முறை ஏறினேன், பிறகு ஐந்து, பிறகு எட்டு. (அது கோயில் படி. நேர்த்திக்கடனுக்கு வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நடங்கள், உடையும் கோயிலுக்கு ஏற்றதாக இருக்கட்டும். தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.) வார நாள்களில் வேலை முடிந்து புக்கிட் காசிங் குன்று. கடைசி மாதம் ஒரு முழு நாள் உலு லங்காட் பக்கம் குனோங் நுவாங் மலை, 1,493 மீட்டர், சிலாங்கூரின் உயரமான மலைகளில் ஒன்று. நுவாங்கில் ஏறி, அதே நாளில் நல்லபடியாக இறங்கிவிட்டீர்கள் என்றால் கினாபாலுவுக்கு டிக்கெட் எடுக்கலாம்.

இதில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. ஏறும் நேரத்தை மட்டும் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். இறங்குவதை ஓய்வு என்று எடுத்துக்கொண்டேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரத்தைக் கையில் இறக்கிவிட்டு, சும்மா வந்தேன். நுவாங்கிலிருந்து இறங்கும்போது முழங்கால் முணுமுணுத்தது. பொருட்படுத்தவில்லை.

அக்கா பத்துமலைக்கு இரண்டு தடவைதான் வந்தார். அவர் இருப்பது அடுக்குமாடியில் 14ஆம் மாடி. மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் காலையில் மின்தூக்கியில் மேலே போய், படியில் மட்டும் இறங்குவார். முதலில் வெறுங்கையோடு, பிறகு முதுகுப் பையில் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களோடு. “ஏறுறதுக்கு மூச்சு வாங்கினா நின்னுக்கலாம்டா தம்பி. எறங்குறப்ப கால் விட்டுச்சுன்னா யாரு தூக்கிட்டு வருவா?” என்றார். அவர் எங்கேயும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. சின்ன வயதில் ரப்பர்த் தோட்டத்தில் குன்று மேட்டில் பால்வாளியோடு இறங்கிய அம்மாவைப் பார்த்தவர்.

அதற்குப் பின்னால் இருக்கும் விஷயத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. தசை இழைகளில் நுண்ணிய கிழிசல் அப்போதுதான் அதிகம், வலி உச்சத்துக்கு வருவது ஒன்றிரண்டு நாள் கழித்து. ஆனால் அந்த வேலையை முன்கூட்டியே சில தடவை செய்து பழகிய தசைக்குச் சேதம் நன்றாகக் குறைந்துவிடும். அக்காவின் 14 மாடி செய்தது அதைத்தான்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். நாங்கள் போனது மார்ச் மாதம். ஆண்டின் கடைசி மாதங்களில் அங்கே மழை அதிகம். கோலாலம்பூரிலிருந்து சபா மாநிலத் தலைநகர் கோத்தா கினாபாலுவுக்கு விமானம் இரண்டரை மணி நேரம். உள்நாட்டுப் பயணம்தான், ஆனாலும் சபாவில் குடிநுழைவுச் சோதனை உண்டு. மலேசியர்களுக்கு அடையாள அட்டை போதும், அதை மறக்காதீர்கள்.

நாங்கள் முதலில் பேசிய பயண முகவர், காலையில் இறங்கி மறுநாளே மலையேறலாம், இரண்டு பகல் ஓர் இரவு போதும் என்றார். கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். ஏறும் நாளுக்கு முந்திய இரவை உயரத்தில் கழிக்க வேண்டும். பூங்காத் தலைமையகமே 1,563 மீட்டரில் இருக்கிறது, பக்கத்தில் குண்டாசாங் ஊர். கடல் மட்டத்தில் வாழும் நம் உடம்பு அங்கே ஓர் இரவு தூங்கி எழுந்தால் அடுத்த நாள் அந்த வித்தியாசம் தெரியும்.

அந்த முதல் நாளை விமானக் களைப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள், காட்டுக்குக் கொடுங்கள். பூங்கா 754 சதுர கிலோமீட்டர். 1964இல் தேசியப் பூங்காவானது. 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 5,000க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் அங்கே இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். தலைமையகத்தைச் சுற்றிச் சீலாவ்-சீலாவ், லிவாகு என்று ஓடையோரப் பாதைகள் இருக்கின்றன. குடும்பத்தில் மலையேறாதவர்கள் இருந்தால் அவர்களுக்கு இவையே போதும், அவ்வளவு அழகு. மலைத்தோட்டத்தில் வழிகாட்டியோடு நடந்தோம். விரல் நகத்தைவிடச் சின்ன ஆர்க்கிட் பூவைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். நெப்பெந்தஸ் ராஜா என்ற குடுவைச் செடியைப் பற்றியும் சொன்னார். கினாபாலுவிலும் பக்கத்து தம்புயூக்கோன் மலையிலும் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. அதன் குடுவையில் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும்.

குண்டாசாங்கில் போர் நினைவிடம் ஒன்று உண்டு. 1945இல் ஜப்பானியர்கள் சண்டாக்கானிலிருந்து ரானாவ் வரை போர்க் கைதிகளைக் காட்டுவழியே நடத்தியே கொண்டுவந்தார்கள். முகாமில் இருந்த சுமார் 2,400 ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகளில் உயிர் பிழைத்தவர்கள் 6 பேர். அக்கா அந்தப் பெயர்ப் பலகைகளுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். எங்கள் தாத்தாவின் தம்பி அதே ஜப்பானியர்கள் சயாம் மரண ரயில்பாதை போட்டபோது வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. எங்கள் வீட்டில் அவர் பெயரைப் பொறித்து வைக்க ஒரு கல்கூட இல்லை.

மலையேறும் நாள். வழிகாட்டி இல்லாமல் யாரையும் விடமாட்டார்கள். மாலிம் குனோங் என்பார்கள், பெரும்பாலும் மலையடிவாரத்து டூசுன் மக்கள். அவர்களுக்கு இந்த மலை முன்னோர்களின் ஆவி உறையும் இடம். மலையில் கத்துவது, பாறையில் பெயர் எழுதுவது எல்லாம் அவர்கள் மனத்தைப் புண்படுத்தும். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்று வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. அக்கா வாசலிலேயே குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைப் பார்த்த எங்கள் மாலிமின் முகம் மலர்ந்தது. அன்று முழுக்க அக்காவுக்கு முன்னால் இரண்டடி தள்ளியே நடந்தார். வேகம் கூடும்போதெல்லாம் “பெலான்-பெலான்” என்பார். மெதுவாக, மெதுவாக. “முடியுமா பாங்?” (அண்ணே) என்று நான் கேட்டால் “போலே பா!” (முடியும்!) என்று சபாக்காரர்களுக்கே உரிய அந்தச் சொல் வரும்.

அவர் காலில் இருந்தது கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து, ‘அடிடாஸ் கம்போங்’ என்பார்களே அது. அம்மா பால்மரம் வெட்டப் போகும்போது போட்டதும் அதுதான். ஈரப் பாறையில் வழுக்காது. ஆனால் பழகாத காலுக்கு அடிப்பாகம் வலிக்கும், வாங்கினால் ஒரு மாதம் முன்பே வாங்கிப் பழகுங்கள்.

பாதையில் காண்டிஸ், உபா, லோவி, மெம்பெனிங், லாயாங்-லாயாங், வில்லோசா, பாக்கா என்று ஏழு பொண்டோக்குகள் (ஓய்வுக் குடில்கள்) வரும். ஒவ்வொன்றிலும் உட்காருங்கள். பசிக்காவிட்டாலும் ஏதாவது சாப்பிடுங்கள். நாங்கள் நிலக்கடலையும் பேரீச்சையும் வைத்திருந்தோம். பானாலாபானுக்கு அரிசியும் எரிவாயுத் தோம்பும் சுமந்து போகிறவர்கள் உங்களைக் கடந்து போவார்கள், அதில் பெண்களும் உண்டு. அவர்கள் வருவது தெரிந்தால் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள்.

அன்றிரவு அக்காவுக்குத் தலைவலி, ஒரு தடவை வாந்தி. உச்சியில் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். பானாலாபானிலேயே பலருக்குத் தலை கனக்கும். தலைவலி மட்டும் என்றால் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்துப் பார்க்கலாம். வாந்தியும் சேர்ந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. தடுமாற்றமோ பேச்சில் குழப்பமோ வந்தால் அந்த நேரத்திலேயே இறக்கிவிட வேண்டும். இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் டிக்கெட் வாங்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். உயர நோய்க்கான மாத்திரை வேண்டுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். மாலிம் அக்காவைப் பார்த்து “நாளைக்கு வேண்டாம்” என்றார். அக்கா மறுபேச்சு பேசவில்லை. பையன்தான் “நானும் அம்மாகூட இருக்கிறேன் மாமா” என்றான். அக்கா விரட்டி அனுப்பினார்.

இரவு இரண்டரைக்குக் கிளம்பினோம். தலைவிளக்கு, கையுறை, காற்றைத் தடுக்கும் மேல்சட்டை, மழைச்சட்டை, இந்த நான்கும் கட்டாயம். விடியலில் உச்சியில் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டிவிடும். மரப்படிகள் முடிந்ததும் கயிறு பிடித்து ஏறும் கருங்கல் சரிவு. சாயாட்-சாயாட் சோதனைச் சாவடியில் (3,668 மீட்டர்) கழுத்து அட்டையைப் பார்க்கிறார்கள். தாமதமாகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கு மேல் மரமில்லை, செடியில்லை, வெறும் பாறை. வெள்ளைக் கயிற்றைப் பின்பற்றிப் பத்தடி நடப்பது, நிற்பது, மறுபடி பத்தடி. உச்சியில் ஆறு மணி வாக்கில் கிழக்கு வெளுத்தது. 100 ரிங்கிட் நோட்டின் பின்பக்கத்தில் அந்த மலையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதே மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தின் மேல் விழுவதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. பையன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அங்கிருந்து கழுதைக் காது சிகரத்தைக் காட்டினார் மாலிம். 2015 ஜூன் 5ஆம் தேதி நிலநடுக்கத்தில் அதன் ஒரு காது உடைந்து விழுந்தது. அன்று மலையில் 18 பேர் இறந்தார்கள், மாலிம்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. காயப்பட்டவர்களை முதுகில் சுமந்து இறக்கியவர்கள் இந்த வழிகாட்டிகள். அவர்கள் “திரும்பு” என்றால் திரும்பிவிடுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது அதனால்தான்.

பிறகு இறக்கம். பானாலாபானில் பசியாறிவிட்டு பத்தரைக்கு மூவரும் கிளம்பினோம். வில்லோசா வரும்போதே என் வலது முழங்காலின் வெளிப்பக்கம் ஊசி குத்துவதுபோல் வலித்தது. லாயாங்-லாயாங்குக்குப் பிறகு ஒவ்வொரு படியிலும் பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்க முடிந்தது. நடைக்கோல் ஒன்றுதான் வைத்திருந்தேன். இரண்டு வைத்திருக்க வேண்டும். தலைவலி தெளிந்த அக்கா, படி படியாக, ஒரே சீராக, “முருகா முருகா” என்று இறங்கி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். நான் 6 கிலோமீட்டர் இறங்க 6 மணி நேரம் எடுத்தேன். இன்னொன்றையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். காலையில் வாசலிலிருந்து கார்சன் நீர்வீழ்ச்சி வரை பாதை முதலில் கீழே இறங்கும், யாரும் கவனிப்பதில்லை. திரும்பும்போது அதே இடம் ஏற்றமாக வந்து நிற்கும். நடுங்கும் காலோடு அந்தக் கடைசிப் படிகளை ஏறியதுதான் இரண்டு நாளிலும் எனக்குக் கடினமான நேரம்.

அதனால் உங்களுக்கு என் யோசனை: குறைந்தது மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள் படியில் இறங்கிப் பழகுங்கள், கைப்பிடியைத் தொடாமல், சின்ன அடியாக, முழங்காலைச் சற்று மடக்கி. ஏறுவதும் அதோடு சேர்ந்து வந்துவிடும். பானாலாபான் படுக்கைகள் குறைவு, ஒரு நாளைக்கு ஏறுபவர் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு, ஆகவே பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். அனுமதி, காப்பீடு, மாலிம் மூன்றும் கட்டாயச் செலவு. மலையிலிருந்து இறங்கிய நாளிலேயே விமானம் ஏறாதீர்கள். மறுநாள் போரிங் வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துவிட்டு வாருங்கள். ரானாவ் வழியில் “ரஃப்லேசியா பூத்திருக்கிறது” என்று கிராமத்தார் பலகை வைத்திருந்தால் காரை நிறுத்திப் பாருங்கள், சில நாளில் வாடிவிடும் பூ அது.

அக்கா அடுத்த மார்ச்சுக்குப் பதிவு செய்துவிட்டார். இந்த முறை குண்டாசாங்கில் இரண்டு இரவு தங்கிவிட்டு ஏறப்போகிறோம்.